பண்படுத்தும் கையும் காக்கும் கையும்

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்த முறை எங்கே போவோம்?" ரொறன்ரோவில் சித்தப்பா வீடு, நயாகரா, அதுவும் முடியாவிட்டால் பக்கத்துக் கடைத்தொகுதி. அன்பான தம்பி தங்கைமாரே, இந்த இதழில் மொன்றியல் தீவை விட்டு வெளியே போகாமலே பார்க்கக்கூடிய இரண்டு இடங்களைச் சொல்ல விரும்புகிறோம். ஒன்று மனிதர் கல் கல்லாக அடுக்கிக் கட்டிய தோட்டம். மற்றது மனிதர் கட்டாமல் விட்டுவைத்த நிலம். ஆதியாகமம் 2ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் தேவன் மனிதனுக்குத் தோட்டத்தைப் பற்றி இரண்டு பொறுப்புகளைக் கொடுக்கிறார்: அதைப் பண்படுத்த வேண்டும், அதைக் காக்கவும் வேண்டும். ஒரே கோடையில் இரண்டு இடங்களுக்கும் போய்வந்தால் அந்த வசனம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

முதலில் பண்படுத்திய இடம். பச்சை வழி மெட்ரோவில் பி-நஃப் நிலையத்தில் இறங்கினால் மொன்றியல் தாவரவியல் பூங்கா. 75 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பூங்கா 1931இல் தொடங்கப்பட்டது. இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் மரி-விக்டோரன் என்ற கத்தோலிக்க அருட்சகோதரர். தாவரங்களை ஆராய்வதும் கற்பிப்பதுமே அவருடைய ஊழியமாக இருந்தது. அது உலகமெங்கும் பொருளாதாரம் வீழ்ந்திருந்த காலம். வேலையிழந்து நின்ற மனிதர்களைக் கொண்டே பூங்காவின் வேலைகள் நடந்தன. இன்று நாம் நிழலில் நடக்கும் பாதைகளுக்குப் பின்னால் அன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அப்பமும் இருக்கிறது.

இந்தப் பூங்காவுக்குள்ளே ஒரு சீனத் தோட்டம் உண்டு. சீனாவின் பெருநகரமான சாங்காயும் மொன்றியலும் 1985இல் சகோதர நகரங்கள் ஆயின. அந்த நட்பில் பிறந்த இத்தோட்டம் 1991இல் திறக்கப்பட்டது. இதன் பெயருக்குக் 'கனவு ஏரித் தோட்டம்' என்று பொருள். மிங் அரசர் காலத்துத் தென்சீனத் தோட்டங்களைப் பின்பற்றி இதை வரைந்தவர் லெ வெய்சோங் என்ற சாங்காய் வல்லுநர். மண்டபங்களின் பகுதிகளையும் பாறைகளையும் சாங்காயில் ஆயத்தம் செய்து, கொள்கலன்களில் ஏற்றி, கப்பலில் கொண்டுவந்தார்கள். சாங்காய்த் தொழிலாளர் சுமார் 50 பேர் இங்கே வந்து அவற்றைப் பொருத்தினார்கள்.

அங்கே போனால் ஓடிப் பார்த்துவிட்டு வராதீர்கள். சீனத் தோட்டக் கலையில் கல், நீர், செடி, கட்டடம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு தோட்டம். பாதைகள் வேண்டுமென்றே வளைந்து போகும்; ஒரே பார்வையில் எல்லாவற்றையும் காட்டிவிடக் கூடாது என்பது அவர்களுடைய எண்ணம். சுவரிலுள்ள ஒரு துவாரம் வழியாகப் பார்த்தால் ஒரு மரம் மட்டும் தெரியும். பத்து அடி நடந்தால்தான் குளம் தெரியும். அவசரப்படுகிறவருக்கு அங்கே பாதிதான் கிடைக்கும்.

சாங்காய் நகரத்திலேயே யூ தோட்டம் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. சீனாவுக்குப் போகிற பயணிகள் தவறாமல் பார்க்கும் இடம் அது. 1559இல் அதைக் கட்டத் தொடங்கியவர் பான் யூன்துவான் என்ற அரச அதிகாரி. தம்முடைய முதிய தகப்பனார் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் காலம் கழிக்க வேண்டும் என்பதே நோக்கம். தோட்டத்தின் பெயரும் அதையே குறிக்கிறது. பெற்றோரைக் கனம்பண்ணும் கற்பனையை ஒருவர் கல்லிலும் நீரிலும் செய்து காட்டியது போல் இருக்கிறது.

இதை வாசிக்கும் வாலிபருக்கு ஒரு வார்த்தை. நம் சபையில் எத்தனை அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் பிள்ளைகளை நம்பி இந்த நாட்டுக்கு வந்து, பிரெஞ்சும் தெரியாமல், குளிர்காலம் முழுவதும் அடுக்குமாடி ஜன்னல் அருகே உட்கார்ந்திருக்கிறார்கள்! ஞாயிறு ஆராதனை ஒன்றுதான் அவர்களுக்கு வெளியுலகம். அவர்களுக்காக நீங்கள் தோட்டம் கட்ட வேண்டியதில்லை. கட்டிய தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை கையைப் பிடித்து அழைத்துப் போனால் போதும்.

இனிக் காத்த இடம். அது நம் பியர்பொன்ட்ஸின் மேற்குக் கோடியிலேயே இருக்கிறது. இரண்டு மலைகளின் பெயர் கொண்ட ஏரியும் ரிவியேர் டெ பிரேரி ஆறும் சந்திக்கும் முனையில் உள்ள கப்-சேன்-ஜாக் இயற்கைப் பூங்கா, மொன்றியல் நகரத்தின் பூங்காக்களுள் மிகப் பெரியது. சுமார் 330 ஹெக்டேர். மேப்பிள் காடு, மணற்கரை, ஒரு பண்ணை, வசந்த காலத்தில் மேப்பிள் பாகு காய்ச்சும் குடில் எல்லாம் உண்டு. நம்மில் பலர் மணற்கரைக்கு மட்டும் போய்ச் சோற்றுப் பொதியை அவிழ்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். இலைகளின் சத்தமும் பறவைகளும் நீரின் மணமும் மட்டுமே இருக்கும்.

இந்தப் பூங்காவுக்கு அருகே, பியர்பொன்ட்ஸின் மேற்கில், ஈரநிலங்களும் காடும் பழைய வயல்களும் நீண்ட காலமாகக் கிடந்தன. 2015இல் அங்கே சுமார் 5,500 வீடுகள் கட்டும் திட்டம் வெளிவந்தது. அயலவர் பலர் எதிர்த்தார்கள். பிறகு 2017 மே மாதத்தில் ஒட்டாவா ஆற்றிலிருந்து பெருகி வந்த நீர் நம் தெருக்களுக்குள் புகுந்தது. மணல் மூட்டை அடுக்கிய இரவுகளையும், நிலவறையிலிருந்து நனைந்த பெட்டிகளைத் தூக்கியதையும் நாம் மறக்கவில்லை. 2019 வசந்த காலத்தில் மறுபடியும் வெள்ளம். அதே ஆண்டில் மொன்றியல் நகரசபை அந்த நிலத்தின் பெரும்பகுதியை வாங்கி, தீவின் மேற்கில் மொத்தம் 3,000 ஹெக்டேர் வரை விரியும் பெரும் பூங்கா ஒன்றை அமைக்கப் போவதாக அறிவித்தது.

ஈரநிலம் பஞ்சு போன்றது. பனி உருகும்போதும் பெருமழை பெய்யும்போதும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல விடும். அதை மண் கொட்டி நிரப்பினால் நீர் வேறு இடம் தேடும். அந்த இடம் நம் வீடாக இருக்கலாம். கொழும்பில் வாழ்ந்த பெரியோரைக் கேளுங்கள், சதுப்புகள் நிரப்பப்பட்ட பின் ஒரு நாள் மழைக்கே மூழ்கிய தெருக்களைச் சொல்வார்கள். எஞ்சியதைக் காக்க முன்வந்ததால், அதே கொழும்பு 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. யூ தோட்டத்தைக் கட்டிய சாங்காயும் யாங்சி ஆற்றின் வாயில் உள்ள சோங்மிங் தீவின் டோங்டான் சேற்றுநிலத்தைப் பறவைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. சைபீரியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் கரைப்பறவைகள் அங்கே இறங்கி இரைதேடுகின்றன. 2024இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்தில் சேர்ந்தது.

"வீட்டு வாடகை இப்படி ஏறுகிறதே, 5,500 வீடுகள் வந்திருந்தால் எங்களுக்கு நல்லதுதானே?" என்று ஒரு இளம் தம்பதி கேட்டால், அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. வீடில்லாதவருக்கு வீடு வேண்டும். அதுவும் விசுவாசிகளின் கவலைதான். ஆனால் வீட்டை எங்கே கட்டுவது என்பது தனிக் கேள்வி. நீர் நிற்கும் இடத்தில் கட்டிய வீட்டின் செலவை, அதை விற்றவர் அல்ல, அதில் குடியிருக்கும் குடும்பமே சுமக்கும். மேலும் யோபு 38ஆம் அதிகாரத்தில் தேவன், மனிதர் எவரும் குடியிராத வனாந்தரத்துக்கும் மழை அனுப்புகிறவராகப் பேசுகிறார். நமக்குப் பயன்படாத நிலமும் அவருடைய கவனிப்பில் இருக்கிறது.

போகும்போது சில காரியங்களை நினைவில் வையுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். உண்ணிகள் உண்டு, நீண்ட காற்சட்டை அணியுங்கள், வீடு வந்ததும் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள். வாத்துகளுக்குப் பாண் போடாதீர்கள். ஊரில் வரப்போரம் கீரை பறித்துப் பழகிய அம்மம்மாவின் கண்ணில் காட்டுப் பூண்டு பட்டால், மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். விதையிலிருந்து அது வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். கியூபெக்கில் 1995 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற செடி அது. பூங்காவில் பறிக்கவே கூடாது.

வாலிபர் ஐக்கியத்துக்கு எங்கள் வேண்டுகோள் இது. இந்தக் கோடையில் இரண்டு சனிக்கிழமைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சீனத் தோட்டம், மற்றதில் கப்-சேன்-ஜாக். ஒவ்வொரு வாலிபரும் சபையிலுள்ள ஒரு முதியவரை உடன் அழைத்து வரட்டும். கார் உள்ளவர்கள் இல்லாதவர்களை ஏற்றிக்கொள்ளட்டும். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். பிறகு பெரியவர்களிடம் அவர்கள் ஊரில் நீர் எங்கே நின்றது, யார் அதைக் காத்தார்கள் என்று கேளுங்கள். திரும்பும்போது குப்பைப் பை ஒன்றை நிரப்பிக்கொண்டு வாருங்கள்.