நர்சு சொன்னால் டாக்டர் கேட்க வேண்டும்!

"இந்த நோய் இனிக் குணமாகாது" என்று டாக்டர்கள் கைவிரித்து விடுகிறார்கள். அதன் பிறகும் நோயாளி உயிரோடு இருக்கிறாரே! வலியால் துடிக்கிறாரே! அவரைக் கவனிப்பது எப்படி?

அதற்கு வழிகாட்டியவர், இங்கிலாந்து நாட்டுப் பெண்மணி சிசிலி சாண்டர்ஸ்.

மூன்று வேலை

1918-ல் பிறந்த அவர், முதலில் நர்சாக இருந்தார். முதுகுக் கோளாறினால் அந்த வேலையை விட நேர்ந்தது. பிறகு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கேட்டு உதவும் சமூக ஊழியர் ஆனார். அதோடு நிற்கவில்லை. 30 வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படித்தார். 1957-ல் டாக்டர் ஆனார்!

நோயாளி வலி தாங்காமல் கதறிய பிறகு மருந்து கொடுப்பது அந்நாள் வழக்கம். "வலி வருமுன்பே, மணி தவறாமல் மார்பின் மருந்து கொடுக்க வேண்டும்" என்றார், அவர். 1967-ல் லண்டனில் "செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்" என்ற இல்லத்தைத் திறந்தார்.

"முழு வலி"

மூன்று வேலையும் தெரிந்தவர். ஆனாலும், "எல்லாவற்றையும் நானே பார்த்துக் கொள்வேன்" என்று அவர் இருக்கவில்லை. டாக்டர், நர்சு, சமூக ஊழியர், பாதிரியார் ஆகியோரை ஒரே குழுவாக வேலை செய்ய வைத்தார்.

காரணம் என்ன? வலி உடம்பில் மட்டும் இல்லை. மனதிலும், குடும்பக் கவலையிலும், கடவுள் நம்பிக்கையிலும் இருக்கிறது. அதற்கு "முழு வலி" என்று அவர் பெயர் வைத்தார். முழு வலியை ஒருவரே தீர்க்க முடியாது.

துடிப்பது யார்?

ஆனால், குழு என்று பெயர் வைத்தால் போதுமா? அதில் இருக்கும் ஒவ்வொருவரும் நடந்து கொள்ளும் விதம் முக்கியம்.

இரவெல்லாம் நோயாளி தூங்கவில்லை என்பது நர்சுக்குத் தெரியும். மருந்தின் அளவை மாற்றுகிறவர் பெரும்பாலும் டாக்டர். நர்சு சொல்லத் தயங்கினாலும், டாக்டர் கேட்க மறுத்தாலும், துடிப்பது நோயாளிதான்!

"குணமாகி விடும்" என்று ஒருவர் சொல்கிறார். "இனி அதிக நாள் இல்லை" என்று இன்னொருவர் சொல்கிறார். குடும்பத்தார் யாரை நம்புவார்கள்?

"முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால், அருகில் இருந்து பார்த்தவர்களைக் கேட்டு எடுக்கும் முடிவுதான் சரியான முடிவு. ஆயா சொன்னதைக் கேட்பதால் டாக்டரின் மதிப்பு குறைந்து விடாது.

சாண்டர்ஸ் 2005-ல், தமது 87-வது வயதில், தாம் நிறுவிய அதே இல்லத்தில் காலமானார். அத்தனை பேரைக் கவனித்த அவருக்கும், கடைசி நாளில் நாலு பேர் துணை வேண்டியிருந்தது!