விமான நிலையத் தரையில் கழியும் இரவுகள்

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் திகதி, 75 வருடங்களில் பதிவான ஆகக்கூடிய மழை ஐக்கிய அரபு இராச்சியத்தில் கொட்டித் தீர்த்தது. டுபாய் சர்வதேச விமான நிலையத்தில் இரண்டு தினங்களுக்குள் 1,244 விமான சேவைகள் இரத்துச் செய்யப்பட்டன. 2025 மார்ச் 21 ஆம் திகதி மின் உபநிலையம் ஒன்றில் மூண்ட தீயினால் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டு, சுமார் இரண்டு இலட்சம் பயணிகள் பாதிக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூன் 23 ஆம் திகதி கட்டாரிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தின் மீது ஈரான் ஏவுகணைத் தாக்குதல் நடத்தியவேளை, கட்டார் வான்பரப்பு சில மணித்தியாலங்கள் மூடப்பட்டது. டோஹாவில் ஆயிரக்கணக்கானோர் நிர்க்கதியாவதற்கு அந்தச் சில மணித்தியாலங்களே போதுமாயிருந்தன.

மழை, தீ, யுத்தம் எனக் காரணங்கள் வேறுபட்டாலும் விளைவு ஒன்றுதான். கைப்பையைத் தலையணையாக்கி, குளிரூட்டியின் குளிரில் முடங்கி, அணையாத மின்விளக்குகளுக்குக் கீழே மக்கள் உறங்க முயல்கின்றனர். படுக்கவிடாதவாறு கைபிடிகளால் பிரிக்கப்பட்ட இருக்கைகள் அவர்களைத் தரைக்கே தள்ளுகின்றன. உறங்கினால் அறிவித்தல் செவியில் விழாது போகுமோ, கடவுச்சீட்டு களவு போகுமோ என்ற அச்சமும் கூடவே இருக்கும்.

இந்த அவலம் எல்லோருக்கும் சமமானதன்று. மூதூரிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ வீட்டுப் பணிப்பெண்ணாக வளைகுடா நாடொன்றுக்குப் புறப்படும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பலாலி விமான நிலையம் 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட போதிலும், வளைகுடாவுக்குச் செல்ல வடக்கு, கிழக்கு மக்கள் இன்றும் கட்டுநாயக்கவையே நாட வேண்டியுள்ளது. இரவிரவாக பஸ்ஸில் வந்து சேரும் அப்பெண்ணுக்கு, விமானம் ஏறுமுன்னரே ஓர் இரவின் உறக்கம் பறிபோய்விடுகின்றது. இடைமாறும் நிலையத்தில் அடுத்த விமானம் இரத்தானால் யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்பதை அவர் அறியார். வங்கி அட்டையும் ஆங்கிலமும் கைவசமுள்ள பயணி ஹோட்டலுக்குச் சென்றுவிட, அவர் அங்கேயே அமர்ந்திருப்பார்.

சட்டம் எதுவுமே இல்லை என்று கூறிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டின் 261 ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, விமானம் இரத்தானாலோ நீண்ட நேரம் தாமதமானாலோ உணவும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல் அறையும், இரண்டு தொலைபேசி அழைப்புகளும் இலவசமாக வழங்கப்பட வேண்டும். 2010 இல் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானை மூடியபோது எழுந்த வழக்கொன்றில், இயற்கை அனர்த்தமாயினும் இந்தப் பராமரிப்புக் கடமையிலிருந்து விமான நிறுவனம் தப்ப முடியாது என 2013 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சவூதி அரேபியாவும் 2023 நவம்பரில் பயணிகளின் உரிமைகள் தொடர்பான புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது.

எனினும், ஐரோப்பிய விதி எங்கு புறப்படுகின்றோம், எந்த நிறுவனத்தில் பறக்கின்றோம் என்பதைப் பொறுத்தது. பாரிஸிலிருந்து வளைகுடா நிறுவனமொன்றின் விமானத்தில் ஊருக்கு வரும் உறவினருக்கு அது பாதுகாப்பளிக்கின்றது. அதே நிறுவனத்தில் கட்டுநாயக்கவிலிருந்து பாரிஸ் செல்பவருக்கு அளிப்பதில்லை.

இதைவிடக் கடினமானது கடவுச்சீட்டின் பாகுபாடு. நிறுவனம் ஹோட்டல் வழங்கினாலும் அது பெரும்பாலும் குடிவரவு எல்லைக்கு வெளியிலேயே இருக்கின்றது. விசா இன்றி வெளியேற முடிந்தவர் படுக்கைக்குச் செல்கின்றார், முடியாதவர் தரையில் கிடக்கின்றார். விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் இடைமாறுவதற்குக்கூட முன்கூட்டியே விசா பெற வேண்டுமென ஷெங்கன் நாடுகள் பொதுவாக விதித்துள்ள 12 நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இடம்பெறுகின்றது. வதிவிட அனுமதி உள்ளோர் போன்ற சிலருக்கே விதிவிலக்கு உண்டு. தகுந்த ஆவணங்களின்றி 1988 இல் பாரிஸ் சார்ள் டி கோல் விமான நிலையத்தில் சிக்கிய ஈரானியரான மெஹ்ரான் கரிமி நசேரி, 2006 வரை 18 வருடங்களை அங்கேயே கழித்தார். 2022 இல் மீண்டும் அங்கு வந்து, அங்கேயே மரணமானார். அவரது கதை விதிவிலக்கானதுதான். ஆயினும் ஆவணத்தின் பலமே ஒருவரின் அசைவைத் தீர்மானிக்கின்றது என்பதில் விதிவிலக்கு ஏதுமில்லை.

எனவே, அரசாங்கம் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழங்கும் புறப்படுமுன்னரான பயிற்சியில், விமானம் தாமதமானால் எவற்றைக் கேட்டுப் பெறலாம் என்பது ஒரு பாடமாக வேண்டும். அவ்வுரிமைகள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டு பயணச்சீட்டுடன் கையளிக்கப்படல் வேண்டும். டுபாய், டோஹா, ரியாத் ஆகிய இடங்களிலுள்ள எமது தூதரகங்கள், இத்தகைய நெருக்கடிகளின்போது தமிழில் பதிலளிக்கும் தொலைபேசி இலக்கமொன்றை இரவு பகலாக இயக்க வேண்டும். இலங்கையர் அதிகமாக இடைமாறும் நாடுகளுடன், அனர்த்த வேளைகளில் தற்காலிக வெளியேறல் அனுமதி பெறுவது குறித்தும் பேச்சுவார்த்தை நடத்தலாம்.

நாட்டின் அந்நியச் செலாவணியைச் சுமப்போர் இவர்களே என ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் புகழ்ந்துரைக்கப்படுகின்றது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் டொலருக்காக நாடு இவர்களிடமே கையேந்தி நின்றது. அத்தகையோர் அந்நிய நிலையமொன்றில் கேட்பாரற்றுக் கிடக்கும் இரவில் அவர்களை விசாரிக்க ஒரு குரலையேனும் ஏற்பாடு செய்ய சம்பந்தப்பட்டோர் முன்வருவார்களா?