கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள்

1985-இல் வெளிவந்த ‘ஹமாரா ஷஹர்’ ஆவணப்படத்தில் ஒரு காட்சி. பம்பாயில் குடிசைகளை இடித்துப் போட்டிருக்கிறார்கள். வீடிழந்த பெண் ஒருவர் கேமராக்காரர்கள் மீதே சீறுகிறார்: ஏழைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்கத்தானே வந்தீர்கள், வேறென்ன செய்துவிடப் போகிறீர்கள் என்று. இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் அதை வெட்டாமல் படத்திலேயே வைத்தார். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், நம்மைத் திட்டும் ஷாட்டைத் தூக்கிவிடக் காரணங்கள் எத்தனை சுலபமாகக் கிடைக்கும் என்று.

அந்தப் பெண்ணின் கேள்வி அவரை விடவில்லை என்றே நினைக்கிறோம். அடுத்த ஆண்டு நரிமன் பாயிண்ட் பக்கத்தில் சஞ்சய் காந்தி நகர் இடிக்கப்பட்டபோது, அங்கு குடியிருந்தவர்களோடும் நடிகை ஷபானா ஆஸ்மியோடும் சேர்ந்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கோரேகாவில் மாற்று இடம் கிடைத்தது.

தணிக்கையோடும் தூர்தர்ஷனோடும் அவர் நடத்திய வழக்குகள் நம் துறையினர் அறிந்தவை. ‘ராம் கே நாம்’ 1997-இல் நீதிமன்ற உத்தரவால்தான் தூர்தர்ஷனில் வந்தது. ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் தணிக்கை வாரியம் கேட்ட 21 வெட்டுகளில் ஒன்றுகூட இல்லாமல் 2003-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை விடுவித்தது. அந்தத் தீர்ப்புகளின் பலனை இன்று நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். ஆனால் இந்த இதழில் நாம் பேச விரும்புவது அவருடைய படங்களில் முகம் காட்டியவர்களைப் பற்றி.

‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடியவர் விலாஸ் கோக்ரே. குடிசையில் வாழ்ந்த தலித் கவிஞர், இடதுசாரி மேடைகளின் பாடகர். 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. கொதித்துத் தெருவுக்கு வந்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். சில நாட்களில் விலாஸ் தன் குடிசையில் தூக்கில் தொங்கினார். தலையில் அம்பேத்கர் இயக்கத்தின் நீலத் துணி கட்டியிருந்தார். செங்கொடிக்காகப் பாடிய மனிதர் கடைசியில் ஏன் நீலத்தைக் கட்டினார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போன பட்வர்தனுக்குப் படம் முடிய 14 ஆண்டுகள் ஆயின. ரமாபாய் நகர் வழக்கு இழுத்தடிக்கப்பட்ட காலமெல்லாம் அவரும் கூடவே காத்திருந்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்த ‘ஜெய் பீம் காம்ரேட்’டில் சேரிப் பாடகர்கள் முழுப் பாட்டையும் பாடி முடிக்கிறார்கள். பாட்டை நடுவில் நறுக்கி அடுத்த பேட்டிக்குத் தாவும் நம் பழக்கத்தை அந்தப் படம் பார்த்த பிறகு கொஞ்சமாவது யோசிக்க வேண்டும்.

பூசாரி லால்தாஸின் கதை வேறு. அயோத்தியில் நீதிமன்றம் அமர்த்திய தலைமைப் பூசாரியான அவர், ‘ராம் கே நாம்’ படத்தில் பாபர் மசூதியை இடிக்கச் சொல்லும் அரசியலை அமைதியான குரலில் மறுத்துப் பேசினார். 1992-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1993-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் பேசியதுதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. படம் இல்லாதபோதும் அவர் அதையே பேசியவர். ஆனாலும் அந்தப் பேட்டியைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம், பதிவு முடிந்ததும் நாம் வண்டியேறிவிடுகிறோம், பேசியவர் அதே ஊரில் இருக்கிறார் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

இன்று கைப்பேசியே கேமரா. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் முடிந்தது என்கிறோம். பெயரை மறைக்கட்டுமா, முகத்தைக் காட்டலாமா என்று படத்தொகுப்பு முடிந்தபின் இன்னொரு முறை போய்க் கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? திரைவிழாத் தேதிக்கு ஓடும் அவசரத்தில் இந்தப் பயணத்துக்குத்தான் முதலில் பணமும் நாளும் இல்லாமல் போகின்றன.

அடுத்த இதழிலிருந்து நமது படக் குறிப்புகளில் கால அளவு, ஒளிப்பதிவு, ஒலி என்ற விவரங்களோடு ஒரு வரியைக் கூடுதலாகக் கேட்கிறோம்: படத்தில் பேசியவர்களுக்குப் படத்தை எப்போது, எங்கே போட்டுக் காட்டினீர்கள்? இன்னும் காட்டவில்லை என்றால் அதையும் எழுதி அனுப்புங்கள்; அப்படியே அச்சிடுகிறோம்.