நம்மிடம் அணி உண்டு, கழகம் உண்டா?

துபாய் செல்ட்ஸ், அபுதாபி நா ஃபியானா, அரேபியன் செல்ட்ஸ், குவைத் ஹார்ப்ஸ், கிளான் நா ஓமன். கேட்டால் இசைக்குழுக்களின் பெயர்கள் போலிருக்கும். எல்லாம் வளைகுடா நாடுகளில் அயர்லாந்துக்காரர்கள் நடத்தும் கேலிக் கால்பந்துக் கழகங்கள். கடைசிப் பெயருக்கு ‘ஓமனின் பிள்ளைகள்’ என்று பொருள். சம்பாதிக்க வந்த ஊரின் பெயரைத் தங்கள் தாய்மொழியில் குழைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள். அயர்லாந்துக்காரர்களோ ஆயிரக்கணக்கில்தான். ஆனாலும் அவர்களுடைய கிராமத்து ஆட்டம் அங்கே கழகங்களாக வேர்விட்டு, மத்தியக் கிழக்குக்கென ஒரு வாரியத்தையும் வைத்திருக்கிறது. துபாய் செல்ட்ஸ் தொடங்கியது 1995இல். 2015 மார்ச்சில் அபுதாபியின் ஸயீத் விளையாட்டு நகரில் உலகப் போட்டியே நடந்தது. நம் ஊர்க் கபடி அணியும் கால்பந்து அணியும் அதே மண்ணில் ஆடுகின்றன. ஆனால், ஆடுகிறவர் விசா முடிந்து ஊர் திரும்பினால் அணியும் அவரோடு முடிந்துவிடுகிறது. ஏன்?

பங்கும் பந்தும்

கேலிக் கால்பந்தைப் பார்த்திராதவர்களுக்கு: பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலிலும் உதைக்கலாம். நான்கு எட்டுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது; தரையில் தட்ட வேண்டும், இல்லையேல் கால் நுனியில் தட்டிக் கைக்கு வாங்க வேண்டும். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலையில் போட்டால் 3 புள்ளி. மேலே போனால் பொதுவாக 1. அணிக்கு 15 பேர். அத்தனை பேர் கிடைக்காத பாலைவனத்தில் ஆளைக் குறைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

ஆட்டத்தைவிட முக்கியம் அதன் அமைப்பு. 1884 நவம்பர் 1 அன்று, தர்லஸ் என்ற சிற்றூரின் விடுதியொன்றில் மைக்கேல் கியூசாக் என்ற பள்ளி ஆசிரியர் கூட்டிய கூட்டத்தில் கேலிக் தடகளச் சங்கம் பிறந்தது. வந்தவர்கள் ஏழு பேர் என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஒரு கபடி அணி களத்தில் இறங்கப் போதுமான ஆள். 1840களின் பஞ்சத்தில் பத்து லட்சம் பேரைச் சாகவும், ஏறக்குறைய அதே அளவு பேரைக் கப்பலேறவும் கொடுத்த நாடு அது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் மொழியும் ஆட்டமும் கரைந்துகொண்டிருந்தபோது அதன் மக்கள் பிடித்துக்கொண்ட கயிறு இந்தச் சங்கம்.

கழகங்களைக் கட்டியது பங்கின் எல்லையை வைத்து. நம் கத்தோலிக்கர்கள் சொல்லும் அதே ‘பங்கு’தான்: ஒரு கோவில், அதைச் சுற்றிய ஊர். எந்தப் பங்கில் பிறந்தாயோ அந்தப் பங்குக்கு ஆடு. சம்பளம் கிடையாது. 82,000 பேர் உட்காரும் டப்ளின் குரோக் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி ஆடியவர், அந்தக் கொண்டாட்டம் ஓய்ந்ததும் வகுப்பறைக்கோ பண்ணைக்கோ திரும்பிவிடுவார். கால்வே மாவட்டத்தின் கோரஃபின் என்ற கிராமத்துக் கழகம் 2018, 2019, 2020 என்று அடுத்தடுத்து மூன்று முறை அகில அயர்லாந்துக் கழகக் கோப்பையை வென்றது. விலைக்கு வாங்கிய ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை.

வெளிநாடு போகிறவருக்கும் விதி இருக்கிறது. முதலில் ஆடிய கழகமே ஒருவரின் தாய்க் கழகம். துபாயில் ஆட வேண்டுமென்றால் முறைப்படி மாற்றல் வாங்க வேண்டும். ஊர் திரும்பினால் தாய்க் கழகம் வரவேற்கும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு ஆசிரியர்களும் பொறியாளர்களும் வளைகுடாவுக்குக் கிளம்பியபோது பல கிராமங்கள் அணி திரட்டத் திணறின. ஆனால், போனவரின் பெயர் ஊர்ப் பதிவேட்டில் இருந்தது.

தூத்தூர்க் கரை

இந்தப் பங்கு ஏற்பாட்டுக்கு நெருங்கிய உறவு நம்மிடமே இருக்கிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான மீனவ ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். கடலுக்கும் சாலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர், நடுவில் கோவில், அருகில் மணல் திடல். சாயங்காலம் அங்கே கிரிக்கெட் மட்டையைத் தேட வேண்டும், பந்தைத் தேட வேண்டியதில்லை. தூத்தூரைச் சுற்றிய இந்தக் கரை தமிழ்நாட்டுக்கு எத்தனையோ கால்பந்து வீரர்களைத் தந்திருக்கிறது. பங்கே எல்லை, கோவிலே மையம் என்பதில் கோரஃபினுக்கும் இந்த ஊர்களுக்கும் வேறுபாடில்லை. இங்கிருந்தும் ஆட்கள் வளைகுடாவுக்குத்தான் போகிறார்கள். மீன்பிடி லாஞ்சுகளில், அரபாப் என்று அழைக்கப்படும் முதலாளிகளின் கீழ்.

வேறுபாடு, வளைகுடாவுக்குப் போன பிறகுதான் தெரிகிறது. அயர்லாந்து ஆசிரியருக்கு வார விடுமுறை இரண்டு நாள், குடும்ப விசா, சொந்த வண்டி. லாஞ்சில் இருப்பவருக்கு வெள்ளிக்கிழமை என்பதே காலண்டரில்தான். கட்டுமானத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள். அதில் துணி துவைக்க வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும், தூங்க வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30க்கும் 3 மணிக்கும் இடையே திறந்தவெளி வேலையை அமீரகச் சட்டமே தடுக்கிறது, அப்படிப்பட்ட வெயில். இதையும் மீறி, முகாமுக்குப் பின்னால் காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுகிறார்களே, திருப்பூரில் ஊர்ப் பெயர் அச்சடித்த பனியனைப் பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டிலுக்கு அணைப்பாக வைத்துக் கொண்டுவருகிறார்களே, அதுதான் வியப்பு. ஆகவே, ‘நமக்கு ஊர்ப் பற்று குறைவு’ என்ற பேச்சு எடுபடாது. பற்று இருக்கிறது, அதைத் தாங்கும் ஏற்பாடு இல்லை.

அணி என்பது ஏழு பேர், அல்லது பதினொரு பேர். கழகம் என்பது ஒரு நோட்டு, ஒரு சந்தா, ஒரு பட்டா, ஒரு மேல் வாரியம். அயர்லாந்தில் திடல்கள் சங்கத்தின் அறங்காவலர்கள் பெயரில் பதிவாகியிருக்கின்றன. தலைவர் மாறினாலும் மண் மாறாது. செலவுக்கு வாராந்திரக் குலுக்கல் சீட்டு, ஊர்க்காரர்களின் இலவச உழைப்பு. நம் ஊரில் ‘கழகம்’ என்றாலே கட்சிதான் நினைவுக்கு வரும். ஊர் அணியோ பொங்கலுக்குப் பூத்து, மாட்டுப் பொங்கலுக்குக் கோப்பை வாங்கி, தை முடிவதற்குள் வாடிவிடும். திடல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் புறம்போக்கு. என்றைக்கு அங்கே தண்ணீர்த் தொட்டி முளைக்குமோ தெரியாது.

எல்லை யாருடையது?

இதற்காக அயர்லாந்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வரவும் முடியாது. ஊர்ப் பற்று வேலி கட்டவும் தெரிந்தது. கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் போன்ற ‘அந்நிய ஆட்டங்களை’ ஆடினாலோ பார்த்தாலோ உறுப்பினர் நீக்கப்படும் விதி 1971 வரை இருந்தது. 1938இல் ஒரு கால்பந்துப் போட்டியைப் பார்க்கப் போனதற்காக நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடையே புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்.

நம் வேலி இன்னும் உயரம். ‘ஊருக்காக ஆடு’ என்றால் தமிழ்நாட்டில் அடுத்த கேள்வி, எந்தத் தெருவுக்காக என்பது. ஊரும் காலனியும் தனித்தனி அணி வைத்திருக்கும் இடத்தில் பிறந்த இடத்தை விதியாக்கினால் சாதிக்கு ரசீது போட்டுக் கொடுத்ததாகிவிடும். இந்த இடத்தில் வளைகுடா நமக்கு ஒரு பாடம். ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் எட்டுப் பேர் படுக்கும்போது, ஆள் குறைந்த அணிக்குத் தெரு பார்த்து ஆள் எடுக்க முடிவதில்லை. அங்கே ஒன்றாக ஆடிய இருவர் ஊருக்கு வந்ததும் தனித்தனித் திடலுக்குப் போகிறார்கள் என்றால், குற்றம் ஆட்டத்தில் இல்லை. ஊராட்சி முழுவதற்கும் ஒரே கழகம், எல்லாத் தெருவுக்கும் நிர்வாகத்தில் இடம் என்று எழுதி வைக்காத கழகத்துக்குத் திடலும் கொடுக்கக் கூடாது, மானியமும் கொடுக்கக் கூடாது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுகளில் இந்தியா கபடியில் இரட்டைத் தங்கம் வென்றது. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா. மாநிலம் கொண்டாடியது, தலைக்கு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது. நல்லது. ஆனால், வடுவூரிலும் கண்ணகி நகரிலும் இந்தப் பிள்ளைகளை உருவாக்கியது ஒரு நாள் பரிசல்ல. தினமும் திடலுக்கு வந்து நின்ற பயிற்சியாளர்களும் பழைய ஆட்டக்காரர்களும்தான். அப்படிப்பட்டவர்கள் இல்லாத ஊருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

பெரிய செலவு வேண்டியதில்லை. ஊராட்சித் திடலை விளையாட்டுக்கென்றே பதிவு செய்வது கிராம சபைத் தீர்மானத்தில் தொடங்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பொங்கல் கோப்பைக்கு அனுப்பும் பணத்தில் பாதியை ஆண்டுச் சந்தாவாக மாற்றலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஊருக்கு ஆடிய அத்தனை பேரையும் எழுதலாம்: பெயர், ஆண்டு, இப்போது எங்கே. ‘இப்போது எங்கே’ என்ற கட்டத்தில் துபாய், தோஹா, தம்மாம் என்று வரிசையாக விழும். நமக்கும் ஒரு கழகம் இருந்திருக்கிறது, எழுதத்தான் ஆளில்லாமல் போயிற்று என்பது அப்போது தெரியும்.