கூண்டுக்குள் இருப்பவரைப் பேசக் கேளுங்கள்

தோழர்களே, ஒரு டிவி நாடகத்தைப் பாருங்கள் என்று சிறுபத்திரிகையில் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. டிவியைத் திட்டித்தான் நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். திட்டினதில் தப்பும் இல்லை. 1987ல் தூர்தர்ஷன் ராமாயணம் போட்டபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் லைன் வீடுகளில் ஒரு ஆள் வெளியே தலை காட்டாது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத சனம் டிவிக்கு முன்னால் சூடம் கொளுத்திக் கும்பிட்டது. சம்பூகன் தலையை வெட்டினவன் கதைடா இது என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. 1988ல் மகாபாரதம் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு நாட்டையே வீட்டுக்குள் பூட்டியபோது, எல்லாரும் பார்த்துத் தொலையட்டும் என்று மறுபடியும் அதே ராமாயணம்!

நான் சொல்ல வந்த நாடகத்துக்கு யாரும் சூடம் கொளுத்தவில்லை. அதன் பெயர் ‘சம்விதான்’. அரசியல் சட்டம் என்று அர்த்தம். ஷியாம் பெனகல் எடுத்தது. பத்தே பகுதி. 2014 மார்ச் 2ஆம் தேதியிலிருந்து ராஜ்யசபா டிவியில் ஓடியது. பாராளுமன்றத் தேர்தல் இரைச்சலுக்கு நடுவே வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அந்தச் சானலே இன்றைக்கு இல்லை. 2021ல் லோக்சபா டிவியோடு சேர்த்து சன்சத் டிவி ஆக்கிவிட்டார்கள். நாடகம் மட்டும் யூடியூபில் இருக்கிறது, காசு இல்லாமல். இதே பெனகல் 1988ல் நேரு எழுதிய புத்தகத்தை வைத்து ‘பாரத் ஏக் கோஜ்’ என்று 53 பகுதி எடுத்தார். நேரு கண்டுபிடித்த இந்தியாவுக்கு 53, அம்பேத்கர் உட்கார்ந்து எழுதிய சட்டத்துக்கு 10. கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தையாவது பார்த்தோமா? நீலகிரியில் நான் கேட்ட தோழர்களில் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. கல்லூரி மாணவர்களைக் கேட்டால், “இந்திங்களே தோழர், புரியாதே” என்கிறார்கள். ஏம்ப்பா, ராமாயணம் மட்டும் தமிழிலா பேசியது? பக்கத்தில் கூடலூர் தாண்டினால் கர்நாடகம். 2020ல் அம்பேத்கர் வாழ்க்கைத் தொடரை ஜீ கன்னடத்தில் ‘மகாநாயக’ என்று மொழிமாற்றிப் போட்டார்கள். ஊர் ஊராக நம் சனங்கள் அதற்குப் பேனர் கட்டினார்கள். ஒளிபரப்பை நிறுத்து என்று சானல்காரருக்கு மிரட்டல் வந்தது. அவர் நிறுத்தவில்லை. ஜப்பார் பட்டேல் 2000த்தில் எடுத்த ‘அம்பேத்கர்’ படம் தமிழில் தியேட்டருக்கு வர 2010 டிசம்பர் ஆனது. பத்து வருசம்! இருட்டடிப்பு செய்கிறவன் செய்யத்தான் செய்வான். கையில் இருக்கும் செல்போனில் இலவசமாகக் கிடப்பதை நாம் பார்க்காமல் இருப்பதற்கு எந்தப் பார்ப்பானைக் குறை சொல்வது?

நாடகத்தில் என்ன இருக்கிறது? சண்டை இல்லை, டூயட் இல்லை. ஒரு மண்டபத்தில் ஆட்கள் எழுந்து பேசுகிறார்கள், உட்காருகிறார்கள். ஸ்வரா பாஸ்கர் நடுநடுவே வந்து பின்கதை சொல்கிறார். அம்பேத்கராக சச்சின் கேடேகர். அச்சு அசல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆள் வாதம் பண்ணுகிறார், தோழர்களே! காகிதத்தைப் புரட்டுகிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார், சில இடத்தில் விட்டுக்கொடுக்கிறார், சில இடத்தில் மாட்டேன் என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து நான் பார்த்த அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் விரல் நீட்டி நிற்கிறவர். சாதி இந்து கல்லெறிவான் என்று போலீஸ் போட்ட கூண்டு. ஏப்ரல் 14க்குப் பூட்டைத் திறந்து மாலை போடுகிறோம், டிசம்பர் 6க்கு இன்னொரு மாலை. அவர் என்ன பேசினார் என்று கேட்டால் மூன்று முழக்கம் சொல்லி முடித்துக்கொள்கிறோம். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25ஆம் தேதி அதே சபையில் எச்சரித்தவர் அவர். அவருக்கே சூடம் காட்டுகிறோம்.

அம்பேத்கர் சட்டத்தை எழுதவே இல்லை என்று 1997ல் அருண் ஷோரி ஒரு புத்தகம் போட்டபோது நாமெல்லாம் கொதித்தோம், கொடும்பாவி எரித்தோம். சரிதான். ஆனால் பதில் சொல்லும் சாட்சி சபைக் குறிப்பிலேயே கிடக்கிறது. 1948 நவம்பர் 5ஆம் தேதி டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து சொல்கிறார்: வரைவுக்குழுவில் இருந்த ஏழு பேரில் ஒருவர் ராஜினாமா, ஒருவர் செத்துப்போனார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவருக்கு சமஸ்தான வேலை, ஒன்றிரண்டு பேர் டெல்லிக்குத் தூரம், பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று. சொன்னவர் ஐயங்கார்! ஷோரிக்கு அந்த ஒரு பக்கம் போதும். அந்த வாதங்களுக்குள் நுழைய நம் பிள்ளைகளுக்கு இந்த நாடகம் ஒரு வாசல்.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இரண்டு பகுதி போட்டுக் காட்டினோம். எஸ்டேட் பெயர் வேண்டாம். மன்றத்துச் சாவியைக் கேட்டபோது “பொலிட்டிக்ஸ் கூடாது” என்றார்கள். ஐயப்ப பஜனை மட்டும் கூடுமாம். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் வேட்டி கட்டி, வாடகை புரொஜக்டரில் ஓட்டினோம். பத்து நிமிசத்துக்கு ஒருதரம் நிறுத்தி நான் தமிழில் சொன்னேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்து சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு அக்கா கேட்டார்: “அவரு ஒத்த ஆளா இவ்ளோ பேசறாரே, எதுத்தாப்ல ஒக்காந்திருக்கிறதுல நம்மாளு ஒருத்தருமே இல்லியாப்பா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சபை நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். இருந்தார்கள். தாட்சாயணி வேலாயுதன் இருந்தார். அதைவிட, நம்ம ஊட்டிக்காரர் ஒருவரே இருந்தார். வி.ஐ. முனுசாமி பிள்ளை. ‘பிள்ளை’யைப் பார்த்து ஏமாறாதீர்கள், சேரிக்காரர்தான். 1937ல் ராஜாஜி மந்திரிசபையில் விவசாய மந்திரி. காங்கிரஸ்காரர், ‘அரிஜன்’ என்றே தன்னைச் சொல்லிக்கொண்டவர், அந்த விமர்சனம் எனக்கு உண்டு. ஆனால் 1948 நவம்பரில் வரைவு சபைக்கு வந்தபோது அவர் எழுந்து, நந்தனாரும் திருப்பாணாழ்வாரும் திருவள்ளுவரும் பிறந்த எங்கள் இனத்தின் வரிசையில் அம்பேத்கரும் சேர்ந்துவிட்டார் என்றார். அதே மாதம் 29ஆம் தேதி தீண்டாமை ஒழிப்புப் பிரிவு வந்தபோதும் அதை ஆதரித்துப் பேசினார். இன்று 17ஆவது பிரிவு, அன்றைய வரைவில் 11. அது நிறைவேறியதும் சபை என்ன கோஷம் போட்டது தெரியுமா? ‘மகாத்மா காந்திக்கு ஜே!’ எழுதியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவர் பேசியது, ஒரு திருத்தத்தை ஏற்க மாட்டேன் என்ற ஓரிரு வரிதான்.

1891 டிசம்பர் 1ஆம் தேதி அயோத்திதாசர் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானம் போட்ட ஊர் ஊட்டி. அந்த ஊரிலிருந்து ஒருவர் டெல்லிக்குப் போய் இதைப் பேசியிருக்கிறார். மலர்க் கண்காட்சிக்கு வருகிறவனுக்குத் தெரியவேண்டாம், நமக்கே தெரியவில்லையே!

அந்தத் தேதியை இன்னொரு கணக்கோடு வைத்துப் பாருங்கள். 1948 நவம்பர் 15ஆம் தேதி இலங்கையில் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தோட்டத் தமிழர் ஏறக்குறைய 7 லட்சம் பேர் ஒரே அடியில் நாடற்றவர் ஆனார்கள். என் அப்பாயியும் அதில் ஒருத்தி. இரண்டு வாரத்தில் டெல்லியில் தீண்டாமையை ஒழித்தார்கள். 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்கள், எங்களை யாரும் கேட்கவில்லை. கப்பலில் வந்து இறங்கி டேன்டீ தோட்டத்தில் குடியேறியபோது அப்பாயிக்கு அந்த 17ஆவது பிரிவு முன்னாலேயே வந்து காத்திருந்தது. டீக்கடையில் தனி கிளாசும் காத்திருந்தது.

நக்சல்பாரித் தோழர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. முதலாளித்துவச் சட்டம், அதற்கு ஒரு நாடகம், அதற்கு ஒரு சிபாரிசு! பெரியாரியத் தோழர்களுக்கும் கேள்வி உண்டு. தீண்டாமையைத்தான் ஒழித்தார்களே தவிர சாதியை ஒழிக்கவில்லை என்றுதானே 1957 நவம்பர் 26ஆம் தேதி பெரியார் அதை எரிக்கச் சொன்னார்? உண்மை. எழுதியவரே 1953ல் ராஜ்யசபாவில், இதை எரிக்கும் முதல் ஆள் நானாக இருப்பேன் என்றார். 1947ல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் நிலம் அரசுக்கு, விவசாயம் அரசுத் தொழில், நமக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று கேட்டவர் அவர். அந்த மூன்றும் சட்டத்தில் இல்லை. எப்படி இல்லாமல் போனது, யார் யார் தடுத்தார்கள்? எரிப்பதாக இருந்தாலும் எதை எரிக்கிறோம் என்று தெரிந்து எரிக்க வேண்டாமா? நாடகத்தில் நேருவுக்கும் படேலுக்கும் இடம் ஜாஸ்தி, காந்தி வந்தால் வெளிச்சம் மெத்தென்று ஆகிறது என்பது என் குறை. அதையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். கை தட்டிக்கொண்டே பார்க்கிற நாடகம் இல்லை இது.

தனியாகச் செல்போனில் பார்த்தால் பாதியில் தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கினேன். பத்துப் பேர் சேருங்கள். இந்தி தெரிந்தவர் ஒருவர் போதும், திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன்கள் எல்லா லைனிலும் இருக்கிறார்கள். பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மழைக்கு சிக்னல் போய்விடும். நாங்கள் பாக்கி எட்டையும் ஓட்டப்போகிறோம். வேட்டிக்குப் பதிலாக அந்த அக்கா ஒரு வெள்ளைப் போர்வை தருவதாகச் சொல்லியிருக்கிறார். முனுசாமி பிள்ளை பேச்சை நான் தமிழில் எழுதி எடுத்துப் போகிறேன்.