சூடாறிப்போன காபி யந்திரம்

பழுதான பொருளைப் பரணில் ஏற்றுவது சுலபம். பழுது எங்கே என்று அறிவதுதான் சிரமம். இத்தாலி தேசத்து மிலான் நகரில் லா பவோனி கம்பெனியார் 1961-ல் வெளியிட்ட யூரோப்பிக்கோலாவைப் பார்ப்போம். கையால் நெம்புகோலை அழுத்திக் காபி இறக்கும் வீட்டு யந்திரம் அது. பழைய யந்திரத்தில் நீரின்றி மின்சாரத்தை விட்டால் சூட்டுக் கம்பி எரிந்துபோகக்கூடும்.

அக்கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்தது. அதை உலோகக் குழலில் வைத்து, சுற்றிலும் மக்னீசியம் ஆக்ஸைடுப் பொடியைத் திணித்திருப்பார்கள். அந்தப் பொடி சூட்டை விடும், மின்சாரத்தை விடாது.

யந்திரம் ஆறி, ஆவி அடங்கி, மின்தொடர்பை நீக்கிய பிறகே சோதிக்கவேண்டும். 230 வோல்ட்டில் 1,000 வாட் வாங்கும் கம்பிக்குத் தடை சுமார் 53 ஓம். மீட்டர் அதைக் காட்டினால் கம்பி முழுமையாயிருக்கிறது. தடை எல்லையற்றுப் போனால் அறுந்துவிட்டது. குழலுக்குள் அறுந்ததை ஒட்ட வழியில்லை. புதியதைப் பூட்டி, நீர் கசியாமல் அடைக்கும் வளையத்தையும் மாற்றவேண்டும்.

கம்பியிலிருந்து குழலுக்கு மின்சாரம் கசிந்தாலோ அபாயம் பெரிது. காப்பு விசை அடிக்கடி விழுகிறதென்று எர்த் கம்பியைத் துண்டித்துவிட்டு ஓட்டுவோர் உண்டு. அவர்கள் பழுது பார்க்கவில்லை. எச்சரித்த காவற்காரனின் வாயைக் கட்டிவிட்டார்கள்! பிறகு அந்த உலோக உடலை முதலில் தொடும் கை, விடியற்காலையில் எழுந்து வீட்டாருக்குக் காபி போடுகிறவருடைய கைதானே?

ஒரு கம்பிக்கும் ஒரு வளையத்துக்கும் செலவிட்டு, 60 ஆண்டு உழைத்த யந்திரத்தை மேலும் உழைக்கச் செய்வதையே சிக்கனம் என்போம். உயிரைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது.