முதுநிலை நுழைவுத் தேர்வுகளில் ஆங்கில இலக்கண, சொற்பொருள் வினாக்கள்: பேளுக்குறிச்சியிலிருந்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

முதுநிலைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வுகளில் ஆங்கில இலக்கணப் பிழை காணும் வினாக்களும் சொற்பொருள் வினாக்களும் மாணவரின் தரவரிசையைத் தீர்மானிக்கக் கூடாது என்பது நாமக்கல் மாவட்டம் பேளுக்குறிச்சியில் இயங்கும் இச்சங்கத்தின் நிலைப்பாடு. சேந்தமங்கலம், ராசிபுரம் வட்டாரங்களையும் கொல்லிமலையையும் சேர்ந்த பட்டதாரிகள், அவர்களுடைய பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகியோர் உறுப்பினர்களாக உள்ள இச்சங்கம் இதே கோரிக்கையை முன்பும் எழுப்பியுள்ளது. இப்போது அவசரம் ஏற்பட்டதற்குக் காரணம், பல்கலைக்கழக மானியக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட வரைவும் அதன் வழியில் 2025இல் வந்த விதிமுறைகளும் ஆகும். இளநிலையில் எந்தப் பாடம் படித்திருந்தாலும் உரிய நுழைவுத் தேர்வில் தேறினால் வேறொரு பாடத்தில் முதுநிலை சேரலாம் என்று அவை வழிவிடுகின்றன. கதவைத் திறந்துவிடுவதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, மூன்றாண்டு உழைத்துப் பெற்ற பட்டத்தின் எடையைக் குறைத்து, ஓரிரு மணி நேரத்தில் முடியும் ஒரு தேர்வின் எடையைக் கூட்டுகிறது. எடை கூடும்போது அந்தத் தேர்வுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கடமையும் கூடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி முதலில் எழுவது டான்செட் தேர்வில்தான். தமிழ்நாடு பொது நுழைவுத் தேர்வு என்பதன் சுருக்கமான டான்செட்டை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது, எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளில் அரசு, அரசு உதவி பெறும், சுயநிதிக் கல்லூரிகளின் இடங்கள் இதன் மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. எம்.பி.ஏ. தாளில் ஐந்து திறன்கள் சோதிக்கப்படுகின்றன: ஒரு வணிகச் சூழலின் தரவுகளிலிருந்து முக்கியமானவற்றை அடையாளம் காணுதல், உரைப்பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ளுதல், கணக்குப் போடுதல், ஒரு கேள்விக்கு விடை காணத் தரப்பட்ட தரவு போதுமா என்று தீர்மானித்தல், எழுத்து ஆங்கிலத்தில் வழக்கு, இலக்கணம், நிறுத்தக்குறி ஆகியவற்றின் பிழைகளைக் கண்டறிதல். நூறு வினாக்கள், இரண்டு மணி நேரம், தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிவு. வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆக, ஐந்தில் இரண்டு பகுதிகள் ஆங்கிலத்தை நேரடியாகச் சோதிக்கின்றன. மற்ற மூன்றும் ஆங்கிலத்தின் வழியாகவே மாணவரை அடைகின்றன. ஒரே மாணவரிடம் ஒரே மொழி இருமுறை வரி வசூலிக்கிறது என்பதே இச்சங்கத்தின் அடிப்படைக் குறை.

படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை இச்சங்கம் எதிர்க்கவில்லை. ஆங்கில நூல்களைப் படிக்க வேண்டிய படிப்புக்கு ஆங்கிலத்தைப் படித்து உணரும் திறன் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதிர்ப்பு பிழை காணும் பகுதியின் மீதே.

இவ்வகை வினா எப்படி அமைகிறது என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு வாக்கியம் நான்கு துண்டுகளாக வெட்டித் தரப்படுகிறது. பிழையுள்ள துண்டைச் சுட்ட வேண்டும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதை அடுத்து ‘மீட்’ வந்தால் பிழை, ‘மீட்டிங்’ வந்தால் சரி. ‘ஒன் ஆஃப் தி’ என்று எழுவாய் தொடங்கினால் அடுத்து வரும் பெயர் பன்மையாகவும், முடிக்கும் வினை ஒருமையாகவும் இருக்க வேண்டும். ‘யுனிவர்சிட்டி’ உயிரெழுத்தில் தொடங்கினாலும் அதன் முன் ‘ஆன்’ வராது, ‘ஏ’ தான் வரும். இவற்றில் எதையும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுப் பழகிய காதுக்கு உடனே உறுத்தும், பழகாத காதுக்கு நான்கு துண்டுகளும் ஒன்றுபோலவே ஒலிக்கும். வீட்டில் ஆங்கில நாளிதழ் கிடந்தவர், ஆங்கிலவழிப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் படித்தவர், சில நொடிகளில் விடையைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார். செம்மேட்டிலோ வாழவந்தி நாட்டிலோ பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, மலையிறங்கி வந்து ராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியிலோ நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ தமிழ்வழியில் பட்டம் பெற்ற மலையாளிப் பழங்குடி மாணவி அதே வாக்கியத்தை மூன்று முறை படிக்கிறார். விடையளித்தால் கழிவு விழும் என்ற அச்சமும், விட்டுவிட்டால் மதிப்பெண் இல்லை என்ற அச்சமும் ஒருசேர அவரை அழுத்துகின்றன; கணக்குப் பகுதிக்கு அவர் சேமித்து வைத்திருந்த நேரமும் இங்கேயே கரைகிறது. இது அறிவுச் சோதனை அன்று. யார் எந்த வீட்டில் பிறந்தார் என்று கேட்கும் விசாரணை. ‘விசாரணை’ என்ற சொல் கடுமையானது என்று செயற்குழுவில் கருத்து வந்தபோதும், பெரும்பான்மை உறுப்பினர்கள் அதை மாற்ற ஒப்பவில்லை.

மொழிச் சோதனை பற்றிய ஆய்வுலகில் இது புதிய விவாதமும் அன்று. மொழியைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, ஒரு வினாவில் ஒரு கூறை மட்டும் சோதிப்பதைத் தனிக்கூறுச் சோதனை என்பர். ராபர்ட் லாடோ 1961இல் வெளியிட்ட மொழிச் சோதனை நூல் இம்முறைக்கு இலக்கணம் வகுத்தது. கூறுகளை அறிந்தவர் மொழியைக் கையாளவும் வல்லவர் என்று அது கருதியது. அந்தக் கருத்தை உலகம் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் பிறநாட்டு மாணவர் எழுதும் டோஃபெல் தேர்வு, 2005இல் இணையவழி வடிவத்துக்கு மாறியபோது, இலக்கணத்துக்கென்று இருந்த தனிப் பகுதியை நீக்கிப் பேச்சுத் திறனைச் சேர்த்தது. முதுநிலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு 2011இல் எதிர்ச்சொல் வினாக்களையும் சொல்லிணை ஒப்புமை வினாக்களையும் கைவிட்டது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஜிமேட். மேலாண்மைப் படிப்புக்கென்றே உலக அளவில் நடக்கும் இத்தேர்வின் தனி முத்திரை, தரவு போதுமா என்று கேட்கும் வினாவகை. அதே வினாவகையும் உரைப்பகுதி வினாக்களும் வாக்கியப் பிழை வினாக்களும் டான்செட் தாளில் அடுத்தடுத்து நிற்பதைக் காண்பவருக்கு இரண்டின் உறவு விளங்கும். அந்த ஜிமேட், 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்த வினாக்களை முழுவதுமாக நீக்கிவிட்டது. இந்திய மேலாண்மைக் கழகங்களின் கேட் தேர்விலும் நேரடி இலக்கண, சொற்பொருள் வினாக்கள் பல ஆண்டுகளாக வழக்கொழிந்துள்ளன. உலக வணிகத்துக்கு மேலாளர்களை அனுப்பும் தேர்வுகளுக்கே தேவைப்படாத ஒன்று, தமிழ்நாட்டு மாணவரைத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ப்பதற்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு விளக்கம் தர வேண்டியவர்கள் தர வேண்டும்.

சீனாவைச் சுட்டி, அங்கும் முதுநிலைக்கு ஆங்கிலத் தேர்வு உண்டே என்று கேட்கப்படுகிறது. சீனாவின் தேசிய முதுநிலை நுழைவுத் தேர்வு 2023ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஏறத்தாழ 47 லட்சம் பேர் பதிவுசெய்த மாபெரும் தேர்வு. பெரும்பாலான துறைகளில் மொத்தம் 500 மதிப்பெண்ணில் 100 அயல்மொழிக்கு உரியது, அந்தத் தாளில் குறைந்தபட்ச மதிப்பெண் பெறாதவர் மற்றவற்றில் எவ்வளவு எடுத்தாலும் வெளியேற நேரிடும். இது கடுமையானது என்பதில் ஐயமில்லை. அதை முன்மாதிரியாக இச்சங்கம் ஏற்கவும் இல்லை. ஆனால் அங்கே அரசியல் தாளும் துறைப்பாடத் தாள்களும் சீனத்தில் எழுதப்படுகின்றன. அயல்மொழித் தாளை ஆங்கிலத்துக்கு மாற்றாக ரஷ்ய மொழியிலோ ஜப்பானிய மொழியிலோ எழுதவும் வழி உண்டு. சீன மாணவர் ஆங்கிலத்துக்குப் பதில் சொன்னாலும், தன் பாடத்தைத் தன் மொழியில் நிறுவிக் காட்டும் வாய்ப்பு அவருக்கு உண்டு. இங்குள்ள மாணவருக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. சீனாவை எடுத்துக்காட்டுவோர் அதன் பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மை ஆகாது.

ஒன்றிய அரசின் தேர்வுகளைப் பொறுத்தவரை இச்சங்கத்தின் கருத்து சுருக்கமானது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வின் இளநிலைத் தாள்கள் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் உள்ளன. முதுநிலைத் தாள்களோ, மொழிப்பாடங்கள் போன்ற சில நீங்கலாக, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை சேரத் தமிழ்நாட்டு மாணவர் தமிழில் தேர்வு எழுத முடியாது, இந்தியில் எழுதலாம் என்ற நிலையை எந்தச் சொல்லாலும் நியாயப்படுத்த முடியாது. முதுநிலை க்யூட்டின் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான தாள்களில் 100 வினாக்களில் 25, பொதுப் பகுதியாக, மொழித் திறனையும் அது போன்றவற்றையும் சோதித்தன. 2024 முதல் அப்பகுதி நீக்கப்பட்டு, 75 வினாக்களும் துறைப்பாடத்துக்கே ஒதுக்கப்பட்டன. நீக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. குடிமைப் பணித் தேர்விலும் இதே கதைதான்: 2011இல் புகுத்தப்பட்ட சிசாட் என்னும் திறனறித் தாளின் ஆங்கிலப் புரிதல் வினாக்கள் 2014இல் மாணவர் போராட்டத்துக்குப் பின் தரவரிசைக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன, மறு ஆண்டு அத்தாள் முழுவதுமே தகுதித் தாளாக, அதாவது தேறினால் போதும், மதிப்பெண் கூட்டப்படாது என்ற தாளாக, மாற்றப்பட்டது.

மாநில அரசு க்யூட் தேர்வைத் திரும்பப் பெறக் கோரி 2022 ஏப்ரல் 11 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியதை இச்சங்கம் வரவேற்றது, இன்றும் வரவேற்கிறது. அதே வேளையில், தமிழ்நாடு தொழிற்கல்வி நிறுவனங்களில் சேர்க்கைச் சட்டம், 2006 மூலம் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வை ஒழித்தபோது சொல்லப்பட்ட காரணம், கிராமப்புற மாணவர் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாமல் பின்தங்குகிறார் என்பதே என்பதை நினைவூட்டுவது கடமையாகிறது. பதினேழு வயதில் பின்தங்குகிறவர் இருபது வயதில் எப்படி முந்திவிடுவார்? பயிற்சி வணிகம் எப்படி வளர்கிறது, யாருடைய சேமிப்பு அதற்கு உரமாகிறது என்பதை நாமக்கல் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இதே மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது. பணியில் அமர்த்தும்போது தகுதியாகக் கருதப்படும் தமிழ்வழிக் கல்வி, மேற்படிப்பில் சேர்க்கும்போது குறையாக மாறிவிடுவது முரண்பாடு என்று மென்மையாகச் சொல்லலாம். வஞ்சனை என்றும் சொல்லலாம். செயற்குழு முதற்சொல்லையே பரிந்துரைத்தது, பொதுக்குழு இரண்டையும் பதிவுசெய்யச் சொன்னது.

டான்செட் எம்.பி.ஏ. தேர்வை எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம் என்பதால், வரலாறும் பொருளியலும் கணிதமும் தமிழில் படித்தவருக்கும் அது உரியதே. பேளுக்குறிச்சிச் சந்தையில் பெற்றோரின் கடையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு, மல்லியும் சீரகமும் எந்தப் பருவத்தில் எந்த விலைக்கு இறங்கும், மலையிலிருந்து வரும் மிளகு காயக் காய எவ்வளவு எடை இழக்கும், மூட்டையை இருப்பு வைத்தால் வட்டி போக என்ன மிஞ்சும் என்பதெல்லாம் பழகிய கணக்கு. தாளின் வணிகச் சூழல் பகுதி கேட்பதும் இதே வகைப் பகுத்தறிவுதான். அதைத் தமிழில் கேட்டால் அவர் முன்வரிசையில் நிற்கக்கூடும். கொல்லிமலையின் மிளகுக்கும் காப்பிக்கும் சாமைக்கும் நல்ல விலை பெற்றுத் தரும் கூட்டுறவு அமைப்புகளை நடத்த, மேலாண்மை படித்த மலைவாழ் இளைஞர்களே தேவை. அவர்களைத் தடுத்து நிறுத்துவது ‘ஏ’, ‘ஆன்’ போன்ற சுட்டிடைச்சொல்லில் வரும் பிழையாக இருக்கலாகாது.

ஆங்கிலம் வேண்டாம் என்பது இச்சங்கத்தின் நிலைப்பாடு அன்று. உறுப்பினர்களாக உள்ள ஆங்கில ஆசிரியர்கள், இலக்கணத்தைக் கைவிட்டால் கல்லூரிகள் அதைக் கற்பிப்பதையும் கைவிடும் என்று அஞ்சுகின்றனர், அவ்வச்சம் மதிக்கத்தக்கது. அதனால்தான் ‘முற்றாக நீக்குக’ என்ற முதல் வரைவின் சொற்கள் மாற்றப்பட்டன. சம்பந்தப்பட்டோரைக் கலந்து கீழ்க்கண்டவை செய்யப்பட வேண்டும் என்று இச்சங்கம் கருதுகிறது. முதலாவதாக, அடுத்த டான்செட் அறிவிக்கையிலிருந்தே பிழை காணும் பகுதியின் மதிப்பெண் தரவரிசையில் சேர்க்கப்படாமல், தகுதி மதிப்பெண்ணாக மட்டும் கொள்ளப்பட வேண்டும். இரண்டாவதாக, ஆங்கிலத்தைச் சோதிக்காத பகுதிகள் அனைத்தும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே அச்சிடப்பட வேண்டும். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நெடுங்காலமாகச் செய்துவரும் இதை அண்ணா பல்கலைக்கழகத்தால் செய்ய இயலாது என்ற வாதத்தை இச்சங்கம் ஏற்காது. மூன்றாவதாக, சேர்ந்த பிறகு முதல் பருவத்தில் கல்லூரியே கட்டணமின்றி ஆங்கில எழுத்துப் பயிற்சி தர வேண்டும்.

இரண்டாம் கோரிக்கையில் சமரசத்துக்கு இடமில்லை என்று பொதுக்குழு முடிவுசெய்துள்ளது. முதற்கோரிக்கையில், தகுதி மதிப்பெண் எவ்வளவு என்பது குறித்து உயர்கல்வித் துறையுடன் பேச்சு நடத்தச் செயற்குழுவுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது. அறிவிக்கை வெளியாகும் வரை பதில் வராவிட்டால், சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள மாணவர் அமைப்புகளுடன் இணைந்து அடுத்த நடவடிக்கையை முடிவுசெய்யப் பொதுக்குழு மீண்டும் கூட்டப்படும்.